கைக்குழந்தைக்கு எது தெரியும், எது எப்போது தெரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை வளர்ச்சி பற்றி இளம் பெற்றோருக்கு வகுப்பெடுக்கிறேன். வகுப்பு நடக்கும்போது யாரும் வாயே திறக்க மாட்டார்கள். முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் சந்தேகங்கள் வரிசை கட்டும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். ஒரு கேள்விக்கான விடை வேறொன்றில் ஏற்கெனவே வந்திருந்தால் அதன் எண்ணைச் சொல்லியிருக்கிறேன். எல்லாமே ஆராய்ச்சியாளர்கள் கண்டது. உங்கள் பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால் அதற்குக் குழந்தை மருத்துவர்தான்.

1. பொறந்த குழந்தைக்குக் கண்ணே தெரியாதுன்னு எங்க மாமியார் சொல்றாங்க. நிஜமா?

பாதி நிஜம். கண் தெரியும், ஆனால் மங்கல். நமக்கு 6/6 என்று கண் மருத்துவர் எழுதினால், பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 6/120 என்று எழுத வேண்டியிருக்கும். அதாவது நாம் 120 மீட்டரிலிருந்தே அடையாளம் காணும் உருவத்தை அது 6 மீட்டருக்கு வந்தால்தான் பிரித்துப் பார்க்கும். முகத்திலிருந்து 20, 30 சென்டிமீட்டரில் இருப்பது ஓரளவு நன்றாகத் தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது அம்மாவின் முகம் இருப்பது ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான். முதல் ஆறு மாதத்தில் பார்வை வேகமாகத் தெளிகிறது.

காது அப்படி இல்லை, கருப்பையிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் இருவரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் அம்மாவின் குரல் ஒலிக்கும், இன்னொரு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படி சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன.

2. அது வாயைத் திறந்து சொல்றதில்லையே, அதுக்கு என்ன தெரியுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. கீழே வரும் எல்லா விடைகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1950களின் இறுதியில் ஒரு பார்வைக் கூண்டு செய்தார். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும். தலைக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படங்கள். கூரையில் ஒரு சிறு துளை. அதன் வழியே ஆய்வாளர் குழந்தையின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். கருவிழியின் நடுவில் எந்தப் படத்தின் பிம்பம் விழுகிறதோ அதைத்தான் குழந்தை பார்க்கிறது என்று கணக்கு; கையில் கடிகாரம். ஒன்றையே அதிக நேரம் பார்த்தால், இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று பொருள். இப்படித்தான், பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகள் வெறும் நிறத் தட்டைவிட முகம், வட்டம் போன்ற வடிவங்களை அதிக நேரம் பார்க்கின்றன என்று 1963இல் காட்டினார்.

அடுத்த உத்தி, சலிக்க வைப்பது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை பார்வையைத் திருப்பிக்கொள்ளும். அப்போது வேறொன்றைக் காட்டி, மறுபடி ஆர்வமாகப் பார்க்கிறதா என்று கவனிப்பார்கள். சப்பும் வேகம், இதயத் துடிப்பு, எட்டிப் பிடிக்கும் கை என்று வேறு அளவுகோல்களும் உண்டு. குழந்தைக்குத் தெரியுமா என்பதற்கான விடை, எந்த அளவுகோலால் கேட்டோம் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. 8ஆம் கேள்வியில் இது நன்றாகப் புரியும்.

3. அப்போ கறுப்பு வெள்ளை அட்டை வாங்கித் தொட்டில்ல மாட்டணுமா?

மாட்டினால் பார்க்கும். வாங்காவிட்டால் ஒன்றும் குறையாது. உங்கள் நெற்றி, தலைமுடி ஓரம், கண், பொட்டு எல்லாமே அழுத்தமான வேறுபாடு உள்ள கோடுகள்தான். அவை அசையவும் பேசவும் செய்கின்றன. அட்டையால் அது முடியாது.

4. ஆழம், தூரம் எல்லாம் எந்த மாசத்துல புரியும்?

ஒரே மாதத்தில் மொத்தமாக வருவதில்லை. மூளை ஆழத்தைக் கணிக்கப் பல குறிப்புகளைப் பயன்படுத்துகிறது, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. முதலில் வருவது அசைவு. ஏதாவது முகத்தை நோக்கி விரைந்து பெரிதாகி வந்தால், சில வாரக் குழந்தையே கண் சிமிட்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே காட்சியை இரு கோணத்தில் பார்த்து ஆழம் உணர்வது ஏறத்தாழ நான்காம் மாதத்தில், அதுவும் சில வாரங்களுக்குள் சடசடவென்று வருகிறது.

கடைசியில் வருவது ஓவியர்கள் நம்பியிருக்கும் குறிப்புகள்: தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரியும், முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும் என்பவை. ஆல்பர்ட் யோனஸ் குழுவினர் குழந்தையின் ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, சாய்ந்து நிற்பதுபோல் தெரியும் ஜன்னலின் தட்டையான படத்தை முன்னால் வைத்தார்கள். ஏழு மாதக் குழந்தைகள் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் பெரிய ஓரத்தைப் பிடிக்கக் கை நீட்டின. ஐந்து மாதக் குழந்தைகளுக்கு அந்த ஏமாற்று வேலை எடுபடவில்லை.

5. எங்க பையன் கட்டில் ஓரத்துக்கு வந்ததும் நின்னுடறான். உயரம்னா பயம் பிறவியிலேயே இருக்குதானே?

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு புகழ்பெற்ற சோதனை இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் எலினோர் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் 1960இல் வெளியிட்டது. கனத்த கண்ணாடி போட்ட பெரிய மேசை, நடுவில் ஒரு பலகை. ஒரு பக்கம் கட்டம் போட்ட துணி கண்ணாடியை ஒட்டியே இருக்கும். மறுபக்கம் அதே துணி கீழே தரையில் கிடக்கும். பார்க்கிறவருக்கு அங்கே பள்ளம், கை வைத்தால் கண்ணாடி. ஆறு முதல் 14 மாதம் வரையான 36 குழந்தைகளை நடுப்பலகையில் விட்டு, அம்மாவை இரு பக்கமும் மாறி மாறி நின்று கூப்பிடச் சொன்னார்கள். 27 பேர் பலகையை விட்டு நகர்ந்தார்கள். பள்ளம் தெரிந்த பக்கத்தில் இறங்கியவர்கள் மூன்றே பேர்.

ஆழம் தெரிகிறது என்பது உறுதி. ஆனால் அது பயமா? இந்தக் குழந்தைகள் எல்லோரும் ஏற்கெனவே தவழ்பவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஜோசப் காம்போஸ் 1970இல், இன்னும் தவழாத இரண்டு மாதக் குழந்தைகளை அந்தப் பள்ளத்தின் மேல் குப்புறப் படுக்க வைத்து இதயத் துடிப்பை அளந்தார். துடிப்பு குறைந்தது. அது ஆர்வத்தின் அடையாளம். பயந்தால் கூடியிருக்க வேண்டும். பின்னால் வந்த ஆய்வுகளில், தவழத் தொடங்கிச் சில வாரம் ஆன குழந்தைகளிடம்தான் துடிப்பு கூடியது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தவழும் குழந்தைகளும் ஓரத்தில் அழுது பின்வாங்குவதில்லை. எட்டிப் பார்த்து, கண்ணாடியைத் தட்டிப் பார்த்து, வேறு வழி தேடுகின்றன. இதைப் பயம் என்று சொல்வதே தவறு என்கிறார். எனக்கும் அவர் கட்சிதான்.

6. எப்படியோ, தவழத் தெரிஞ்ச பிள்ளை கட்டில்ல இருந்து விழாதுன்னு விட்டுட்டுப் போகலாமா?

கூடவே கூடாது. அடால்ஃபின் ஆய்வுகளில் நான் எல்லா வகுப்பிலும் சொல்வது ஒன்று உண்டு. ஒன்பதரை மாதக் குழந்தைகளை, அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் இடைவெளியின் ஓரத்தில் உட்கார வைத்து, எதிரே பொம்மையைக் காட்டினார்கள். உட்கார்ந்து பல வாரம் பழகிய குழந்தைகள் எவ்வளவு தூரம் சாயலாம், எங்கே சாய்ந்தால் விழுவோம் என்று அச்சாகக் கணித்தன. அதே குழந்தைகளைத் தவழும் நிலையில் அதே ஓரத்தில் விட்டால், தாண்டவே முடியாத பள்ளத்திலும் நேராகப் போய் இறங்கின. ஆய்வாளர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். தவழுவதில் அவை இன்னும் புதியவை.

சரிவுகளிலும் இதுவே நடந்தது. பல வாரம் தவழ்ந்து, செங்குத்தான சரிவில் போகக் கூடாது என்று கற்ற குழந்தை, எழுந்து நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் குப்புற விழப் பார்த்தது. குழந்தை கற்பது “பள்ளம் ஆபத்து” என்ற பொதுப் பாடத்தை அல்ல. இந்த உடல் நிலையில், இந்தச் சமநிலையில், எது தாங்கும் என்பதைக் கற்கிறது. உடல் நிலை மாறினால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே உங்கள் பையன் இன்று ஓரத்தில் நிற்கிறான் என்பதை வைத்து அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் தர முடியாது.

விழுவதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இன்னொரு தகவல். அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தாமாக விளையாடுவதைப் படம்பிடித்து எண்ணிப் பார்த்ததில், சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 அடி எடுத்து வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். தரையில் விழுவது படிப்பின் பகுதி. கட்டிலில் இருந்து விழுவது அப்படியல்ல.

7. நான் பதறினா பிள்ளையும் பதறுமா? வாக்கர்ல விட்டா சீக்கிரம் கத்துக்குமா?

ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. முதலாவதற்கு: ஆமாம், ஒரு வயதில் குழந்தை உங்கள் முகத்தைப் படிக்கிறது. 1985இல் சோர்ஸ், எம்டி, காம்போஸ், கிளினர்ட் ஆகியோர் 5ஆம் கேள்வியில் சொன்ன கண்ணாடி மேசையில் பள்ளத்தை 30 சென்டிமீட்டராகக் குறைத்தார்கள். போகலாமா வேண்டாமா என்று குழந்தைக்கே ஐயம் வரும் ஆழம். எதிரே அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

வாக்கர் விஷயம் வேறு. ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹெய்னும் 1963இல் இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாக ஒரு சுழல் கம்பில் பூட்டினார்கள். ஒன்று தன் காலால் நடக்கும். மற்றது தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து அதே காட்சியைப் பார்த்துக்கொண்டே சுற்றி வரும். இரண்டும் பார்த்தது ஒன்றே. ஆனால் நடந்த குட்டி பள்ளத்தைத் தவிர்த்தது, பெட்டிக் குட்டிக்கு அது பிடிபடவில்லை. தானே நகர்ந்து, அதனால் காட்சி மாறுவதைப் பார்த்தால்தான் இடம் புரிகிறது. உண்மையைச் சொன்னால், வாக்கரில் நகர்ந்து பழகிய, தவழாத குழந்தைகளுக்கும் பள்ளத்தின் மேல் இதயத் துடிப்பு கூடியது என்றும் ஆய்வு உண்டு. அதற்காக வாங்க வேண்டாம். வாக்கரில் விட்ட குழந்தைகள் உட்கார்வதும் தவழ்வதும் நடப்பதும் தாமதமானதாக 1999இல் ஓர் ஆய்வு கண்டது. தன் காலே கண்ணுக்குத் தெரியாதபடி அகலத் தட்டு வைத்த வாக்கரில் தாமதம் அதிகம். படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் ஊர் மர நடைவண்டி வேறு ரகம். அதில் பிள்ளை தன் எடையைத் தானே தாங்கி, தானே தள்ளுகிறது. சமதரையில், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

8. பொம்மையைத் துணியால மூடினா, பொம்மையே இல்லாத மாதிரி திரும்பிக்குது. மறைஞ்சா இல்லன்னு நெனைக்குதா?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே அப்படித்தான் நினைத்தார். எட்டு மாதம் வரை குழந்தைக்கு, கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாத பொருள் என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு தேடும், ஆனால் விசித்திரமாக. பொம்மையை இடப்பக்கத் துணிக்கடியில் சில முறை ஒளித்தால் எடுத்துவிடும். பிறகு அதன் கண் முன்னாலேயே வலப்பக்கத் துணிக்கடியில் ஒளித்தாலும் பழைய இடத்திலேயே கையை விடும். வீட்டில் பத்து மாதப் பிள்ளை இருந்தால் இன்றே செய்து பாருங்கள். ஒளித்துச் சில விநாடி காத்திருந்து பிறகு எடுக்க விட வேண்டும். உடனே விட்டால் சரியாகவே எடுத்துவிடக்கூடும்.

1980களில் ரெனே பையர்ஜான் அதே கேள்வியைக் கையை விட்டுக் கண்ணிடம் கேட்டார். ஒரு பலகை முன்னும் பின்னும் 180 பாகை சாயும். அதன் பின்னால் ஒரு பெட்டியை வைத்தால் பலகை அதில் முட்டி நிற்க வேண்டும். அப்படி நிற்காமல், மறைந்திருக்கும் பெட்டிக்குள் புகுந்ததுபோல் முழுதும் சாய்ந்தால், நாலைந்து மாதக் குழந்தைகள் அதை அதிக நேரம் பார்த்தன. பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்ததால் வியக்கின்றன என்பது அவர் வாதம். வெறும் அதிக அசைவைத்தான் பார்க்கின்றன என்று மறுப்பவர்களும் உண்டு.

எஸ்தர் தெலன், லிண்டா ஸ்மித் குழு காட்டியது எல்லோரையும் தடுமாற வைத்தது. பழைய இடத்திலேயே தேடும் குழந்தையை, பொம்மையை ஒளிப்பதற்கு முன் உட்கார்ந்த நிலையிலிருந்து நிற்கும் நிலைக்கு மாற்றினால், தவறு குறைந்துவிடுகிறது. பொம்மை எங்கே என்ற அறிவு தலைக்குள் தனியாகக் கிடப்பதில்லை, கை இதுவரை போன பாதையோடு பின்னிக் கிடக்கிறது என்பது அவர்கள் முடிவு. 6ஆம் கேள்வியின் குழந்தைகளை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு வியப்பாக இருக்காது.

9. வீட்டுல எல்லா இடமும் தெரியுது, வெளியூர் போனா ரொம்பத் தடுமாறுது. ஏன்?

லிண்டா அக்ரடோலோ 1978இல் இதற்குப் பக்கத்தில் வந்தார். இரண்டு ஜன்னல் உள்ள அறை. மணி அடித்தால் ஒரு ஜன்னலில் ஒருவர் தலைகாட்டி விளையாட்டுக் காட்டுவார். அது பழகியதும் குழந்தையை அறையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விட்டு மணியை அடித்தார்கள். ஆறு மாதக் குழந்தை முன்போலத் தன் இடப்பக்கமோ வலப்பக்கமோதான் திரும்பியது. தான் இடம் மாறியதைக் கணக்கில் எடுக்கவில்லை. 16 மாதக் குழந்தை சரியான ஜன்னலைப் பார்த்தது. அடுத்த ஆண்டே ஒன்பது மாதக் குழந்தைகளை வைத்து இன்னொன்று கண்டார்: ஆய்வகத்தில் தடுமாறும் வயதினர், சொந்த வீட்டில் சோதித்தால் சரியாகவே பார்க்கின்றனர். உங்கள் பிள்ளை செய்வதும் அதுவே.

10. பொறக்கும்போது நிறைய தெரியுமாம், வளர வளர மறந்துடுமாம். அப்படியும் நடக்குமா?

நடக்கிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்டது பிரபலமான சான்று. ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஒலிக்கும் மடித்துச் சொல்லும் ஒலிக்கும் வேறுபாடு கண்டன. அதே வகைக் குழந்தைகள் பத்து, பன்னிரண்டு மாதத்தில் கண்டுபிடிக்கவில்லை. நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் ‘த’வும் ‘ட’வும் நாள் முழுதும் காதில் விழுவதால் அந்தத் திறன் போவதில்லை. ஆறு மாதக் குழந்தைகள் குரங்கு முகங்களைக்கூட ஒன்றுக்கொன்று பிரித்துப் பார்க்கின்றன, ஒன்பது மாதத்தில் அது போய்விடுகிறது என்று 2002இல் பாஸ்காலிஸ் குழு காட்டியது.

இதைவிட விசித்திரம் 2015இல் வந்தது. குழந்தையின் இரு பாதத்திலும் சிறு அதிர்வுக் கருவி வைத்து, ஏதாவது ஒன்றை அதிர வைத்தார்கள். கால்கள் நேராக இருந்தால் ஆறு மாதக் குழந்தை சரியான காலை அசைக்கும். கால்களைக் குறுக்காக வைத்தால் குழம்பும். நான்கு மாதக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான், குழப்பமே இல்லை! சின்னக் குழந்தைக்குத் தொடுதல் என்பது தோலில் நடப்பது மட்டும். பெரியதுக்கு அது வெளியே ஓர் இடமும் ஆகிவிடுகிறது. வலக்கால் இடப்பக்கம் கிடந்தால் இரண்டு தகவலும் மோதிக்கொள்கின்றன. தவறு செய்யத் தொடங்கியதே முன்னேற்றம்.

11. பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைக்குப் பின்னால ஆபரேஷன் செஞ்சா, உடனே எல்லாம் தெரிஞ்சிடுமா?

1688இல் அயர்லாந்தின் வில்லியம் மோலினோ தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு எழுதிய கேள்வி கிட்டத்தட்ட இதுதான்: தொட்டு மட்டுமே கனசதுரத்தையும் கோளத்தையும் அறிந்த ஒருவருக்குப் பார்வை வந்தால், தொடாமலே எது எது என்று சொல்வாரா? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா நடத்தும் பிரகாஷ் திட்டம் இந்தியாவில் பிறவிப் பார்வையிழப்புள்ள சிறுவர்களுக்குச் சிகிச்சைக்கு வழி செய்து, கூடவே ஆய்வும் செய்கிறது. 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐந்து பேரை அறுவைக்குப் பின் உடனே சோதித்தார்கள். கண்ணால் பார்த்ததைக் கண்ணாலும், தொட்டதைத் தொட்டும் அடையாளம் கண்டார்கள். தொட்டதைக் கண்ணால் கண்டுபிடிப்பதில் ஏறத்தாழ குருட்டாம்போக்குதான். ஆனால் மறுபடி சோதிக்க முடிந்தவர்கள் சில நாளிலேயே நன்றாகத் தேறியிருந்தார்கள். 2011இல் வெளியான இந்த முடிவின்படி மோலினோவுக்கு விடை: உடனே இல்லை, ஆனால் சீக்கிரம்.

கைக்குழந்தைகளில் கனடாவின் டாஃப்னி மோரர் குழு கண்டது இன்னும் ஆச்சரியம். பிறவிக் கண்புரையை நீக்கி லென்ஸ் பொருத்தியதும், குழந்தைக்கு ஒரு வாரமானாலும் ஒன்பது மாதமானாலும், பார்வை பிறந்த குழந்தையின் அளவில்தான் இருந்தது. ஒரே ஒரு மணி நேரம் பார்த்த பிறகு அளந்தால் தெளிவு கூடியிருந்தது. ஆனாலும் தாமதித்தால் நுட்பமான பார்வை முழுதாகத் திரும்புவதில்லை, அதனால் முதல் வாரங்களே முக்கியம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்ணின் கருமணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கண்புரை தவிர வேறு ஆபத்தான காரணங்களும் அதற்கு உண்டு.

12. எங்க பொண்ணு பத்தாம் நாளே நான் நாக்கை நீட்டினா திருப்பி நீட்டினா. இப்ப அதெல்லாம் பொய்ங்கிறாங்களே?

ஆண்ட்ரூ மெல்ட்ஸாஃபும் கீத் மூரும் 1977இல், இரண்டு மூன்று வாரக் குழந்தைகள் முகபாவங்களைத் திருப்பிச் செய்கின்றன என்றார்கள். தன் முகத்தையே பார்த்திராத குழந்தை, எதிரே தெரியும் நாக்குக்கும் தன் வாயில் உணரும் நாக்குக்கும் எப்படி முடிச்சுப் போட்டது? அதனால்தான் பெரிய பரபரப்பு. 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை ஒன்று, மூன்று, ஆறு, ஒன்பதாம் வாரங்களில் 11 விதச் செய்கைகளோடு சோதித்தபோது, காட்டியதைத் திருப்பிச் செய்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நாக்கை நீட்டினாலும் நீட்டும், வேறு எதைக் காட்டினாலும் நாக்கை நீட்டும். சோதித்த முறையே சரியில்லை என்று மெல்ட்ஸாஃப் தரப்பு அதே தரவுகளை எடுத்து மறுகணக்கு போட்டது. வழக்கு முடியவில்லை.

இத்துறையின் பழைய ஆய்வுகள் பலவும் ஐந்து, பத்து, முப்பது குழந்தைகளை வைத்து, பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. அதனால் இப்போது பல நாட்டு ஆய்வகங்கள் கூட்டாக ஒரே சோதனையை நடத்துகின்றன. மெனிபேபீஸ் என்ற அந்தக் கூட்டுமுயற்சியின் முதல் பெரிய ஆய்வில் 67 ஆய்வகங்கள், 2,329 குழந்தைகள். குழந்தைகளிடம் நாம் கொஞ்சிப் பேசும் பேச்சையே அவை அதிகம் விரும்புகின்றன என்பது அதில் உறுதியானது. உங்கள் பெண் பத்தாம் நாளில் செய்தது போலச்செய்தலா, வெறும் உற்சாகமா என்று என்னால் சொல்ல முடியாது. அவள் நாக்கை நீட்டினால் நீங்களும் நீட்டிக் கொஞ்சுங்கள், இரு தரப்புக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.